தங்கம் அக்காவின் காதில் விழுந்த தாமதம்

ஸ்டூடியோத் தம்பிகளா, கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து விடுகிற அந்தப் பஃபரை எவ்வளவில் வைப்பது என்று போன வாரம் நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டீர்கள். நான் ஓரமாக உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாட வந்த பெண் ஹெட்போனைத் தொட்டுக் காட்டி, தன் குரல் தனக்கே பின்னால் வருகிறது என்றாள். உங்களில் ஒருவர், பஃபரைக் குறைத்தால் கம்ப்யூட்டர் திணறும், பதிவில் பட் பட்டென்று வெடிக்கும் என்றார். பிறகு மைக்கைப் பிடித்து அந்தப் பெண்ணிடம், "பழகிரும் சிஸ்டர், நீங்க பாடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மைக்கைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற இண்டர்ஃபேஸ் பெட்டி எது வாங்கலாம் என்றும் கேட்டீர்கள். ஓய்வு பெற்ற கிழவனிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் சொல்கிறேன். முன்பக்கம் எத்தனை விளக்கு மின்னுகிறது என்று பார்க்காதீர்கள். பாடுகிறவரின் குரலைக் கம்ப்யூட்டருக்குள் ஊர் சுற்ற விடாமல், நேராக அவருடைய ஹெட்போனுக்கே அனுப்புகிற வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரோடு அது முரண்டு பிடிக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். பதிவு செய்யும்போது பஃபர் சின்னதாக இருக்கட்டும்; மிக்ஸிங்குக்கு உட்காரும்போது உங்கள் இஷ்டத்துக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். இயந்திர சமாச்சாரம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் மனுஷ சமாச்சாரம், அது எந்தக் கையேட்டிலும் வராது.

உங்கள் கம்ப்யூட்டர் இந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே நான் இந்தத் தாமதத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்திருக்கிறேன். ஜெயித்தவன் கதை சொன்னால் கொஞ்சம் அலட்டல் இருக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்காவே பெயிண்ட் வாசனையில் இருந்த சமயம் அது. நான் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ரேடியோ கடையில் வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து ஓர் ஏஜெண்டு வந்தார். தமிழர்தான், கழுத்தில் டை, கையில் எப்போதும் கைக்குட்டை. இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பதிவு செய்வது அவர் வேலை. சுதந்திரத்துக்குள் கடைக்கு வரவேண்டிய தட்டு ஒன்றுக்கு மலாக்காவின் டொண்டாங் சாயாங் வேண்டும் என்றார். அவரோடு வந்த மெஷின்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ரேடியோவின் வயிற்றைத் திறந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் எங்கள் கடை முதலாளி, தவுக்கே, என்னை அனுப்பிவைத்தார். டேப் மெஷினை அதற்கு முன் நான் விளம்பரப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

டொண்டாங் சாயாங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பாட்டாலேயே வாக்குவாதம் செய்வது அது. ஒருவர் நான்கு வரியில் ஒரு பந்துன் பாடிக் கொக்கி போடுவார். மற்றவர் அங்கேயே அப்போதே நான்கு வரி கட்டிப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தோல்வி. வாத்தியம் என்று பார்த்தால் வயலின், ரெபானா மேளம், ஒரு கோங். இதில் ஒரு மரியாதை உண்டு, அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் யாரையும் முந்தமாட்டார்கள். வயலின்காரர் பாடுகிறவரின் மூச்சைப் பார்த்து வில்லை இழுப்பார். மேளக்காரர் வயலினைப் பார்த்துத் தட்டுவார். பாடுகிறவரோ வயலின் இழுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்து வரியை எடுப்பார். வீட்டு வாசலில் "நீங்க முதல்ல, நீங்க முதல்ல" என்று விருந்தாளிகள் நிற்பார்களே, அந்த மாதிரி.

ஆண் குரலுக்குக் கிளேபாங்கிலிருந்து பாக் ஹுசேன் வந்தார். கடலுக்குப் போகிறவர். அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை. பெண் குரல், கஜா பேராங்கில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த தங்கம் அக்கா. மலாக்காச் செட்டிப் பெண்மணி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழி வந்தவர். பேர், கோயில், நெற்றிப் பொட்டு எல்லாம் நம்முடையதுதான். ஆனால் வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். அவருக்குத் தெரிந்த சில தமிழ் வார்த்தைகளில் 'தம்பி' ஒன்று, அதை எனக்குத் தாராளமாகச் செலவழிப்பார். அவர் சொன்னதையெல்லாம் நான் தமிழில்தான் இங்கே தருகிறேன்.

கல்யாண வீடுகளில் அவர் பாடவந்தால் எதிராளிகள் வெற்றிலை போடும் சாக்கில் நழுவிவிடுவார்களாம். கணவர் இறந்த பிறகு பாட்டை விட்டிருந்தார். விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுத்து இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தார். ஏஜெண்டு கேட்டு அனுப்பியபோது முதலில் மாட்டேன் என்றவர், பிறகு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டார். அந்தத் தெருவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ஜெயித்தால் ஒரு நாள் பேசுவார்கள், தோற்றால் பேரன் பேத்தி எடுக்கும்வரை பேசுவார்கள்.

பதிவு அவர் வீட்டுக் கூடத்திலேயே. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே பலகைச் சுவர். காலையில் மெஷின் இல்லாமல் ஒரு முறை எல்லோரும் கூடத்தில் நின்று பாடிப் பார்த்தார்கள். அடேயப்பா, பாக் ஹுசேன் போட்ட கொக்கியையெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே கழற்றிப் போட்டார். வயலின்காரரின் தலை தானாக ஆடியது. இதை அப்படியே டேப்பில் பிடித்தால் போதும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

மெஷின் வந்தது, வினையும் வந்தது. கோங் சத்தம் அக்காவின் மைக்கில் ஏறிக் குரலை மூழ்கடித்தது. அதனால் அவரைப் பக்கத்துப் படுக்கை அறையில் நிறுத்தி, வாசலில் தடித்த கம்பளியைத் தொங்கவிட்டோம். அவர் குரலுக்குக் கம்பளி ஒரு பொருட்டா? கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனால் வயலினின் மெல்லிய சத்தம் உள்ளே போகவில்லை. ஆகவே அக்காவுக்கு ஒரு ஹெட்போன். மெஷினில் ஹெட்போன் செருக ஒரே துளைதான். நான் ஒரு வயரைப் பிரித்து அவருக்கும் எனக்குமாக இரண்டாக்கினேன்.

ஆரம்பித்தோம். முதல் பந்துன் கொஞ்சம் மெதுவாக வந்தது. இரண்டாவது இன்னும் மெதுவாக. மூன்றாவதில் வயலின் வில் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. மேளக்காரர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாலாவதில் அக்கா ஒரு வரியின் நடுவே நின்றேவிட்டார். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடியும் அதே கதை. ஒரு தடவை ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பாடச் சொன்னோம். வயலின் கேட்காமல் சுருதி எங்கோ போய்விட்டது. திரும்பவும் மாட்டச் சொன்னோம், திரும்பவும் தேர் நிலைக்கு வரவில்லை.

பாக் ஹுசேன் வாசற்படியில் போய் உட்கார்ந்து ரொக்கோ பற்றவைத்தார். பாவம், ரொம்ப நாள் பாடாமல் இருந்துவிட்டார், இனிமேல் வராது என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். ஏஜெண்டு என்னை ஜன்னல் ஓரம் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தம்மாவுக்கு முடியல. புக்கிட் ரம்பாய்ல ஒரு பொண்ணு பாடுமாம், டாக்சி அனுப்பப் போறேன். நாலு மணி பஸ்ஸுக்கு நான் சிங்கப்பூர் கிளம்பியாகணும்."

காலையில் நன்றாகத்தானே பாடினார் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக மெஷினைக் குறை சொல்லாதே என்று அடக்கிவிட்டார். நான் மெஷினைக் குறை சொல்லவே இல்லை. அவராக அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

உள்ளே போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்த ஐயா சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன் தம்பி," என்றார். "என் காலம் முடிஞ்சிருச்சு. இனிமே அடுப்பைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். யாரும் என்னைப் பாடக் கூப்பிடாதீங்க."

குழம்பினால் கைக்கு ஏதாவது வேலை கொடுப்பது என் பழக்கம். அவர் மடியிலிருந்த ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, மெஷினை ஓட்டச் சொல்லி ஏஜெண்டுக்குக் குரல் கொடுத்தேன். மைக் முன்னால் நின்று, கடையில் ரேடியோவைச் சோதிக்கும்போது சொல்வதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணப் பார்த்தேன். மூன்றைத் தாண்ட முடியவில்லை. என் நாக்கு என் பேச்சைக் கேட்க மறுத்தது. நான் 'இரண்டு' என்னும்போது காதில் 'ஒன்று' விழுந்தது; அது முடியட்டும் என்று நின்றால் அடுத்தது தடுக்கியது. நல்ல வாயாடி என்று பேர் வாங்கிய நான் திக்குவாயனாக நின்றேன்.

நின்ற இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மெஷினில் ஒரு தலை டேப்பில் எழுதும். இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு தலை, எழுதினதை உடனே படித்துக் காட்டும். டேப் அந்த இரண்டு விரற்கடையைக் கடக்க ஒரு கண்சிமிட்டல் நேரம் ஆகும். ஹெட்போனுக்கு வந்ததோ படிக்கிற தலையின் சத்தம். ஆக, அக்கா கேட்ட வயலின் பழைய வயலின், கேட்ட குரல் பழைய குரல். மரியாதை தெரிந்தவர் ஆயிற்றே, அந்தப் பழைய வயலினுக்காகக் காத்திருந்தார். வெளியே வயலின்காரரும் மரியாதை தெரிந்தவர், அக்காவுக்காகக் காத்திருந்தார். ஒருவருக்கொருவர் வழிவிட்டே பாட்டை நடுத்தெருவில் நிறுத்திவிட்டார்கள். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் யாராவது ஒருவர் முட்டி மோதி முன்னால் போயிருப்பார், பாட்டு எப்படியோ கரை சேர்ந்திருக்கும்.

வெளியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு எல்லாச் சத்தமும் சேர்ந்தே தாமதமாக வந்தது. நான் பாடவில்லையே, எனக்கு எதைத் தட்டும்? பாடுகிறவரின் காதை வாங்கி மாட்டிப் பார்க்கிறவரைக்கும் இது எந்தச் சவுண்டுக்காரனுக்கும் தெரியாது. அக்காவிடம், சத்தம் பின்னால் வருகிறது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மெஷின் என்றால் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்தாராம். பெரிய இடத்துப் பொருளைக் குறை சொல்லக்கூடாது என்று பேசாமல் இருந்தாராம்.

தீர்வு என்னவோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மெஷினின் முகத்தில் ஒரு சுவிட்ச். இந்தப் பக்கம் திருப்பினால் டேப்பின் சத்தம். அந்தப் பக்கம் திருப்பினால் மைக்கின் சத்தம் நேராக, தாமதமே இல்லாமல். ஆனால் துளை ஒன்றுதான் என்றேனே, அக்காவுக்கு நேரான சத்தத்தைக் கொடுத்தால் எனக்கும் அதுதான். டேப்பில் உண்மையில் ஏதாவது பதிகிறதா என்று யாருக்கும் தெரியாது.

ஏஜெண்டு முடியவே முடியாது என்றார். அவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். முந்தின ஊரில் ஒரு பெரிய கோஷ்டியை நேராகக் கேட்டே பதிவு செய்திருக்கிறார்கள். எழுதுகிற தலையில் அழுக்கு. சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி நன்றாகத்தான் ஆடியது, டேப்பில் வெறும் இரைச்சல். கம்பெனியில் அவருக்கு நல்ல வசவு. சூடு கண்ட பூனை அவர். அன்றிலிருந்து டேப்பைக் கேட்காமல் ஒரு நொடிகூட ஓட்டக்கூடாது என்பது அவர் சட்டம். அந்தப் பயம் நியாயமான பயம், நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பயத்தை அவர் எங்கே இறக்கி வைத்திருந்தார்? அக்காவின் காதில். இதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. நீங்கள் பஃபரைப் பெரிதாக வைக்கும்போது செய்வதும் இதேதான். கம்ப்யூட்டர் திணறக்கூடாது, பதிவு கெடக்கூடாது, நம் பேர் கெடக்கூடாது. நமக்கு நிம்மதி, அதற்கான விலையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் கொடுக்கிறார். அவருக்கு அது பஃபர் என்று தெரியாது. தனக்குத்தான் பாட வரவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். பயப்படுவது நம் வேலை தம்பிகளா. சம்பளமே அதற்குத்தான். பாடுகிறவர் பாடட்டும்.

இதையெல்லாம் அன்றைக்கு இவ்வளவு அழகாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏஜெண்டிடம் சொன்னது இவ்வளவுதான்:

"ஐயா, டேப் காலியா வந்துச்சுன்னா என் தவுக்கேகிட்ட சொல்லி என்னை வேலைய விட்டுத் தூக்குங்க. ஒரு தடவை மட்டும் என் இஷ்டத்துக்கு விடுங்க."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். டாக்சி போய்வர நேரமாகும் என்று அவருக்கும் தெரியும். கடைசியில், "உன் தலையில லா," என்று சொல்லிவிட்டு மெஷினை விட்டு எழுந்து நின்றார்.

ஸ்பிரிட் நனைத்த துணியால் தலைகளைத் துடைத்தேன். துடைத்த துணியைப் பார்த்து, மறுபடியும் துடைத்தேன். டேப்பை மாட்டி, அது தலையோடு ஒட்டிப் போகிறதா என்று மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தேன். அக்காவிடம் போய், இப்போது காலையில் கேட்டது போலவே கேட்கும், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை. வந்த விருந்தாளி சொல்கிறானே என்று எழுந்து நின்றார், அவ்வளவுதான். சுவிட்சைத் திருப்பினேன்.

வயலின் எடுத்தது. அக்கா முதல் வரியைத் தொட்டார். தொட்ட மாத்திரத்தில் கம்பளிக்குப் பின்னாலிருந்து அவர் குரல், இவ்வளவு நேரம் வந்ததைவிட ஒரு பிடி முன்னாலேயே, அடுத்த வரியை எடுத்தது. வயலின்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ரெபானா துள்ளியது. பாக் ஹுசேன் கொக்கி போட்டார், அக்கா கழற்றினார், இன்னொன்று போட்டார், அதுவும் போயிற்று. கிழவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடைசியாக மெர்டேக்காவையே இழுத்துவிட்டார்: கிளேபாங் கரையில் வலை காய்கிறது, வலைக்குக் கீழே பூனை உறங்குகிறது, புதுக்கொடி ஏறும் நாள் வருகிறது, உங்கள் கூட்டம் எங்கே நின்று பார்க்கப்போகிறது?

கேலிதான், ஆனால் கொஞ்சம் உறைப்பான கேலி. எண்ணிக்கையில் சிறிய கூட்டம் அவர்களுடையது. சற்று முன்வரை உடைந்து கிடந்த மனுஷி, இதற்கு என்ன சொல்வார்? வயலின் தன் சுற்றை முடித்தது. முடிந்த இடத்தில் சரியாக, ஒரு இமைப்பொழுதுகூடப் பிந்தாமல், அக்கா பாடினார்: கஜா பேராங் கிணறு ஆழமானது, குனிந்து பார்த்தால் அவரவர் முகம் தெரியும், கொடிமரம் நட இடம் தேடி வந்தவர்கள் எங்கள் வாசலில்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

வயலின் ஒரு சுற்று வந்தது. பாக் ஹுசேன் வாயைத் திறந்தார், மூடினார். இன்னொரு சுற்று வந்தது. பிறகு அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். கோங் விழுந்தது. எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. ஆனால் டேப்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே. பாட்டு நடந்த நேரம் முழுக்க நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஊசியை நம்பக்கூடாது என்றும் எனக்குத் தெரியும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

டேப்பைப் பின்னால் சுற்றி, சுவிட்சை மறுபடி டேப் பக்கம் திருப்பினேன். ஏஜெண்டு என் ஹெட்போனைப் பிடுங்காத குறையாக வாங்கி மாட்டிக்கொண்டார். மற்றதை அக்கா மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். ஆக, பதிவு செய்தவனுக்குக் கேட்கக் காது இல்லை. மெஷினை ஓட்டிவிட்டு அந்த இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏஜெண்டு முகத்தில் ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. போச்சு என்று நினைத்தேன். அப்புறம் அவருடைய பூட்ஸ் நுனி பலகைத் தரையைத் தட்ட ஆரம்பித்தது. அது தாளம். வாழ்க்கையில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், வானொலியில் இருந்த காலத்தில் மாலைகூடப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூட்ஸ் சத்தத்துக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

பாக் ஹுசேன் சிரித்த இடம் வந்ததும் ஏஜெண்டு ஹெட்போனைக் கழற்றி, பாட்டு பிரமாதம், சிரிப்பை மட்டும் வெட்டிவிடலாம் என்றார். அதுதான் ஐயா ஜெயித்ததற்குச் சாட்சி, அதை வெட்டாதீர்கள் என்றேன். அவர் யோசித்துத் தலையை ஆட்டினார். டாக்சியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. கம்பெனியில் இப்படி ஒரு குரல் இல்லை என்று அவர் அக்காவைப் பார்த்து மலாயில் சொன்னார், மரியாதையாக எழுந்து நின்றே சொன்னார்.

அக்கா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசிக் கோங் அடங்குகிற வரைக்கும் கேட்டார். யாரோ ஒரு எதிராளியை எடை போடுகிற பார்வை அவர் கண்ணில் இருந்தது. கழற்றிய பிறகு, ஏஜெண்டை நேராகப் பார்த்தார்.

"மூணாவது பந்துன்ல எனக்கு மூச்சு கொஞ்சம் குறைஞ்சிருக்கு ஐயா. இதைவிட நல்லாப் பாடுவேன். இன்னொரு தடவை எடுங்க."

ஏஜெண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பாக் ஹுசேனைப் பார்த்தேன், அவர் அவசரமாக ரொக்கோவை அணைத்துவிட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதற்குள் அக்கா கம்பளியை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"தம்பி," என்று குரல் வந்தது, "ஓட்டு."